தாய்ப்பால் கொடுக்கும்போது வலிக்கிறதா? முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஆயா ஒன்று சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் நாலு வீடியோ அனுப்பியிருப்பார். பிள்ளை வாய் வைக்கும் ஒவ்வொரு முறையும் பெற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு கால்விரல்களை மடக்கிக்கொள்வாள். வருகிற ஆலோசனைகளைக் கவனித்தால் பெரும்பாலானவை ஒரே பக்கம்தான் போகும்: நன்றாக அழுத்து, சூடு வை, வலியைப் பொறு, அடிக்கடி பம்ப் செய். முக்கால்வாசித் தவறுகள் இப்படிக் கூட்டிக்கொண்டே போவதில்தான் வருகின்றன. வலிக்கும் மார்புக்கு பெரும்பாலும் தேவைப்படுவது குறைப்பதுதான்.

“முதல்ல அப்படித்தான் வலிக்கும், பொறுத்துக்கோ”

இதில் பாதி உண்மை. முதல் சில நாட்கள் பிள்ளை வாய் வைத்ததும் சுருக்கென்று இழுத்து, அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் கவலைப்பட வேண்டாம். குடித்து முடிக்கும்வரை வலித்தாலும், காம்பு வெடித்தாலும், ரத்தம் கசிந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும் வலி இல்லை. பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறது என்று அர்த்தம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பிள்ளை வாயை விட்டதும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டு இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்தோ, தட்டையாகி நடுவே வெள்ளைக் கோடு விழுந்தோ இருந்தால், மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே அது நசுங்கியிருக்கிறது.

நசுங்காமல் இருக்க, பிள்ளையின் வயிறு உங்கள் உடம்பை ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க யாராலும் முடியாது. காம்புக்கு நேராக மூக்கு வரட்டும். மேலுதட்டில் காம்பால் லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் பெரிதாகத் திறந்ததும் மோவாய் முதலில் மார்பில் படும்படி பிள்ளையை உங்களிடம் கொண்டுவாருங்கள். சரியாகப் பிடித்திருந்தால் காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே அவ்வளவாகத் தெரியாது.

இங்கே பலரும் செய்வது பிள்ளையின் பின்னந்தலையில் கை வைத்து மார்பில் அமுக்குவது. உதவிக்கு வரும் பெரியவர்களும் இதைத்தான் செய்வார்கள். தலையை அமுக்கினால் பிள்ளை பின்னுக்குத் தள்ளும், முறுக்கும், அழும்; “பிள்ளைக்கு மார்பு பிடிக்கவில்லை” என்று பெயரும் வாங்கும். தோளையும் கழுத்தையும் தாங்குங்கள், தலை தானாகச் சாயட்டும். அதேபோல நீங்கள் குனிந்து மார்பைக் கொடுக்காதீர்கள். முதுகும் போகும், பிடிப்பும் நழுவும்.

வலித்தால் வெடுக்கென்று பிடுங்கவும் வேண்டாம். சுண்டுவிரலைக் கழுவிவிட்டு வாயின் ஓரத்தில் நுழைத்தால் உறிஞ்சல் விட்டுவிடும். அப்புறம் மறுபடி வைத்துப் பாருங்கள்.

சிசேரியன் ஆனவர்களுக்கு மடியில் வைத்துக் கொடுப்பது தையலில் படும். இந்த நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் சிசேரியன் மிக அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம்; அல்லது பிள்ளையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். சிசேரியனுக்குப் பிறகும், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்கும் பால் ஓரிரு நாள் தாமதமாக இறங்குவது உண்டு.

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் என்றால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பால் இறங்கி மார்பு கனப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே முதல் வாரத்துக் கிளினிக் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையின் எடையும் தடுப்பூசியும் குறிக்கும் ‘ரோடு டு ஹெல்த்’ புத்தகத்தை நீட்டி எடை போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், “சிஸ்டர், நான் பால் கொடுக்கிறேன், முழுசாகப் பாருங்கள்” என்று கேளுங்கள். நூறு வீடியோவை விட அந்தப் பத்து நிமிடம் உதவும். க்ளிக்ஸ், டிஸ்கெம் போன்ற மருந்துக்கடைகளில் உள்ள தாய்சேய் கிளினிக்கிலும் காசு கொடுத்துக் கேட்கலாம். பிடிப்பு சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் பிள்ளையின் நாக்குக்கு அடியில் உள்ள மெல்லிய சவ்வு நாக்கை இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குடித்து முடித்ததும் காம்பு வெளுத்து, நீலம் பாரித்து எரிகிறதென்றால் அது ரத்தக்குழாய் இறுக்கம்; உடனே துணியால் மூடிக் கதகதப்பாக வைத்தால் குறையும்.

காம்பில் எதையெல்லாம் தடவுகிறோம்!

சோப்பு, டெட்டால், மஞ்சள், சிலர் பற்பசைகூட. தென்னாப்பிரிக்க வீடுகளில் எல்லாப் புண்ணுக்கும் கைபோகிற ஸாம்பக் டப்பாவும் உண்டு. யூகலிப்டஸ் வாசனை தூக்கும் களிம்பைப் பிள்ளை வாய் வைக்கும் இடத்தில் தடவக் கூடாது. சோப்பு, காம்பில் இயற்கையாக ஊறும் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு வெடிப்பைக் கூட்டும். குளிக்கும்போது வெறும் தண்ணீர் போதும். குடித்து முடித்ததும் ரெண்டு சொட்டுப் பாலையே தடவி உலரவிடலாம், அல்லது சுத்தமான லானோலின் களிம்பை மெல்லிசாகப் பூசலாம். பிடிப்பு சரியாகாமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

பால் கட்டினால் அமுக்கிப் பிழிவது

எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு இதுதான். காரணம், செய்பவர்கள் எல்லாரும் அன்பில்தான் செய்கிறார்கள். மார்பு கல்லாகிவிட்டது, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துண்டை நனைத்து ஒற்றி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி உருட்டி, கட்டி கரையும்வரை பிழிவார்கள். பெற்றவள் கதறுவாள். மறுநாள் மார்பு இன்னும் வீங்கிச் சிவந்திருக்கும்.

உள்ளே நடப்பதை நாம் நினைத்துக்கொள்வது வேறு. குழாயில் தயிர் மாதிரி பால் உறைந்து அடைத்திருக்கிறது, தள்ளிவிட்டால் திறந்துகொள்ளும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மெல்லிய பால்குழாய்களைச் சுற்றியுள்ள சதை வீங்கி, அந்த வீக்கம்தான் குழாயை நெருக்குகிறது. வீங்கிய இடத்தை அமுக்கினால் வீக்கம் கூடும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிதையும். தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் அழுத்தி மசாஜ் செய்யாதீர்கள், கூடுதலாகப் பம்ப் செய்து மார்பைக் காலியாக்க முயலாதீர்கள், குளிர்ச்சி வையுங்கள் என்றுதான் சொல்கிறது. முன்பு மருத்துவமனைகளிலேயே சூடும் மசாஜும் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதால் ஆயாக்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, என்ன செய்வது? ஃப்ரீசரில் இருக்கும் பட்டாணிப் பையைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையும் வைக்கலாம். பிள்ளை கேட்கிறபடி வழக்கம்போலக் கொடுங்கள். மார்பு கனத்துக் காம்பு உள்ளே அமுங்கிப் பிள்ளையால் பிடிக்க முடியாவிட்டால், காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் இளகிக் காம்பு வெளியே வரும். மசாஜ் வேண்டும் என்றால் பூனைக்குட்டியைத் தடவுகிற அளவு கை பட்டால் போதும், அதுவும் காம்பிலிருந்து அக்குள் பக்கமாக. கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கொதிக்கிற துண்டு வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுக்கும்போது எடுக்கலாம், அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா போன்றவை இருந்தால் ஐபுப்ரோஃபெனுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். இந்த நாட்டில் ஒரு எச்சரிக்கை: மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் வலிமாத்திரைகள் சிலவற்றில் கோடீன் கலந்திருக்கும். அது பாலில் இறங்கிப் பிள்ளையை அளவுக்கு மீறித் தூங்க வைக்கலாம், மூச்சையும் பாதிக்கலாம். பால் கொடுக்கிறேன் என்று சொல்லி, கோடீன் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் 38.5 டிகிரியைத் தாண்டி, குளிர் நடுக்கத்தோடு உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல இருந்து ஒரு நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஒரே இடத்தில் கட்டி கரையாமல் வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே சீழ் கோத்திருக்கக்கூடும். அதற்காகப் பால் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் தொடர்ந்து கொடுக்கலாம். திடீரென்று நிறுத்தினால்தான் கட்டு அதிகமாகும்.

தாய்க்கு எச்ஐவி இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு வேறு. மாத்திரையை ஒழுங்காக எடுத்து வைரஸ் அளவு அடங்கியிருக்கும் தாய்மார் பால் கொடுக்கலாம் என்றுதான் இங்கே கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனால் காம்பு வெடித்து ரத்தம் வந்தாலோ, மார்பில் தொற்று வந்தாலோ அன்றே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். அதே காரணத்துக்காக, பாசத்தோடு பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாலும் இன்னொருவர் பாலை அப்படியே புகட்டாதீர்கள். குறைமாதப் பிள்ளைக்குத் தேவைப்பட்டால் பால் வங்கி இருக்கிறது, அங்கே பரிசோதித்துப் பதப்படுத்தித்தான் கொடுப்பார்கள்.

பம்ப்

உறிஞ்சும் விசையை உச்சத்தில் வைத்தால் பால் நிறைய வரும் என்பது தவறான எண்ணம். வலித்தால் உடம்பு இறுகும், பால் சுரந்து இறங்குவதும் தடைப்படும். வலிக்காத அளவில் எது அதிகமோ அங்கே நிறுத்துங்கள். 15, 20 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதால் புண்தான் மிச்சம்.

பெட்டியோடு வரும், மார்பில் பொருத்தும் புனலின் அளவை யாரும் பார்ப்பதில்லை. 24 அல்லது 28 மில்லிமீட்டர் என்று அதில் அச்சிட்டிருக்கும். பம்ப் செய்வதற்கு முன் காம்பின் அகலத்தை ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள், கருவட்டத்தைச் சேர்க்காமல். உங்களுக்கு 16 மில்லிமீட்டர் என்றால் 28 புனல் கருவட்டத்தையும் சேர்த்து உள்ளே இழுத்து வீங்க வைக்கும். புனல் சின்னதாக இருந்தால் காம்பு ஓரத்தில் உரசிப் புண்ணாகும். காம்பை விட ஓரிரண்டு மில்லிமீட்டர் பெரிதாக ஆரம்பித்து, வலிக்காததைத் தேர்ந்தெடுங்கள். புதுப் பம்ப் வாங்குவதை விட இது மலிவு.

முதல் ரெண்டு மூன்று நாள் சீம்பாலுக்குப் பம்ப் தோதுப்படாது. கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வருவது புனலிலேயே ஒட்டிக்கொள்ளும். கையால் பீய்ச்சிச் சுத்தமான கரண்டியில் பிடித்துப் புகட்டலாம். கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்வது இந்த ஊரில் வேறொரு வகையிலும் லாபம்: கரன்ட் போனாலும் கை வேலை செய்யும். லோட்ஷெடிங் இல்லாவிட்டாலும் எங்காவது கேபிள் திருட்டு, எங்காவது ஃபால்ட் என்று இருந்துகொண்டே இருக்கிறது அல்லவா.

நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு, “எதற்கும் இருக்கட்டும்” என்று ஒவ்வொரு முறையும் குடித்த பிறகு பம்ப் செய்பவர்கள் உண்டு. உடம்பு ரெட்டைப் பிள்ளை என்று நினைத்துச் சுரக்கும், அப்புறம் பால் கட்டும், கட்டினதால் மறுபடி பம்ப். இந்தச் சக்கரத்தில் ஏறினால் இறங்குவது கஷ்டம். பிள்ளை மார்பையே பிடிக்காதபோதும், பிரித்து வைத்திருக்கும்போதும்தான் நாளுக்கு எட்டு முறையாவது, இரவில் ஒரு தடவையாவது சேர்த்து, பம்ப் செய்ய வேண்டும்.

எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணிநேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்குமான கணக்கு. ஜனவரி மாதக் கோடையில் டர்பனுக்கு அது பொருந்தாது, எடுத்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணிநேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். முழுதாக உருகிய பாலை ஃப்ரிட்ஜில் குளிர்ச்சியாக வைத்து 24 மணிநேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் சில இடம் மட்டும் கொதித்துப் பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

பாட்டிலைப் பார்த்துப் பாலை அளப்பது

பம்பில் 20 மில்லி வந்தது, ஆகவே பால் போதவில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். பிள்ளை உறிஞ்சுவதுபோல எந்தப் பம்பும் உறிஞ்சாது. நாப்பியைப் பாருங்கள்: ஐந்தாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆறு ஈர நாப்பியாவது, மலம் கறுப்பு மாறி மஞ்சளாவது, பிறந்த எடைக்குப் பத்துப் பதினான்கு நாளில் திரும்புவது. இவை சரியென்றால் பால் சரி. சாயங்காலம் விடாமல் கேட்டு அழுவதும், ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிப்பதும் புதுப் பிள்ளைகளின் இயல்பு. அதைப் பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், ரூய்பாஸ் டீ என்று ஆரம்பிக்கக் கூடாது. தேனை ஒரு வயது வரை நாக்கில்கூடத் தடவாதீர்கள், பாட்யூலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

பூண்டும் வெந்தயமும் சேர்த்த பத்தியச் சாப்பாடு நன்றாகச் சாப்பிடுங்கள், ருசிக்காகவாவது. வெந்தய மாத்திரை வேறு விஷயம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

எடை இறங்கிக்கொண்டே போனாலோ, மஞ்சள் காமாலையோடு பிள்ளை எழுப்பினாலும் எழுந்து குடிக்காவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கொஞ்ச நாள் ஃபார்முலா கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ரெண்டு வாரத்துக்கு மேலும் பெற்றவள் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றாலோ அதற்கும் சேர்த்து டாக்டரிடம் பேசுங்கள்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள் கேட்காமலே விட்டுவிடும் ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கவோ எடுக்கவோ தினமும் ரெண்டு தடவை 30 நிமிட இடைவெளி தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்த நாட்டுத் தொழிலாளர் துறையின் நன்னடத்தை விதிகள் முதலாளிகளுக்குச் சொல்கின்றன. சேர்வதற்கு முன்பே எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், கூடவே கதவு சாத்தும் ஒரு அறையும், ஒரு பிளக்கும். கழிப்பறையைக் காட்டினால் அங்கே உட்கார்ந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள்.