முதலாம் ஆண்டு மருத்துவம், சிங்கப்பூர்: தேர்வு வாரத்தை மற்ற வாரங்களைப் போல ஆக்குவது எப்படி?

இந்த ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான் கரூர்ப் பக்கத்துப் பெண். இப்போது மூன்றாம் ஆண்டு. முதலாம் ஆண்டின் முதல் ஸ்பாட்டர் தேர்வில், அதாவது உடல் பாகத்தில் ஊசி குத்தி வைத்துப் பெயர் கேட்கும் தேர்வில், தோற்றேன். மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் விடிய விடியப் படித்தேன், மண்டையில் எதுவும் நிற்கவில்லை.

ஒரு சீனியர் அக்கா என் அறைக்கு வந்தார். மஞ்சளும் பச்சையுமாக நான் கோடு போட்டு வைத்திருந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எக்ஸாம் வாரம்னு தனியா ஒண்ணு வெச்சிருக்க பாரு, அதுதான் உன்னைப் படுத்துது" என்றார். அன்று அவர் சொல்லிக் கொடுத்ததையும் அப்புறம் நானாகக் கற்றுக்கொண்டதையும் படிப்படியாகத் தருகிறேன். தேர்வுக்கு முந்தைய வாரமும் தீபாவளி வாரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட வேண்டும். எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

படி 1: வாரத்தைத் தாளில் வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் ஏழு கட்டம் போடுங்கள். முதலில் தூக்கத்தைக் குறியுங்கள். நான் இரவு பதினொன்றரை முதல் காலை ஆறரை வரை என்று வைத்தேன். அடுத்து மூன்று வேளைச் சாப்பாடு, அப்புறம் லெக்சர், லேப். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் படிப்பு. நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பில் இதைத் தலைகீழாகச் செய்து பழகியிருப்போம். படித்து முடித்து மிச்சமிருந்தால் தூக்கம். இங்கே அது நடக்காது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டினால் அன்று படித்ததையும் சேர்த்து வெட்டுகிறீர்கள்.

கோப்பிக்கும் ஒரு நேரம் வையுங்கள். உடலில் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு உணவங்காடியில் ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காபி) குடித்தால், ஒரு மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் இருக்கும். பிற்பகல் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஞாயிறு பிற்பகலைக் காலியாக விடுங்கள். குற்ற உணர்ச்சி வரும், முதல் இரண்டு ஞாயிறும் வரும். அதற்குப் பிறகு அந்தக் காலி இடம்தான் வாரத்தைத் தாங்குகிறது என்பது புரியும்.

படி 2: சோற்றுக்கு வழி

பொதுச் சமையலறை இருக்கும் ஹாஸ்டல் என்றால் ஒரு சிறிய ரைஸ் குக்கர் வாங்கிவிடுங்கள். அறைக்குள் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் கிடையாது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குச் சற்று மேல் பாசிப்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு, இரண்டு பல் பூண்டு. துவரம்பருப்பு போடாதீர்கள். பிரஷர் இல்லாத குக்கரில் அது குழையாது. வெந்ததும் நெய் விட்டு ஊறுகாயோடு சாப்பிட்டால் தேர்வு நாள் காலைக்கும் வயிறு முரண்டு பிடிக்காது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் தேக்கா சந்தையில் கிடைக்கும். மாதம் இரண்டு முறை லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும்.

மற்ற நாள்களில் உணவங்காடி. சைவம் சாப்பிடுபவர்கள் சீன சைவக் கடையைத் தேடுங்கள். சோற்றின் மேல் இரண்டு மூன்று காய் காட்டினால் வைத்துத் தருவார்கள்.

படி 3: புத்தகத்தை மூடுங்கள்

நான் தோற்றதற்குக் காரணம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தை நான்காவது முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். அது முகம் தெரிவது போன்ற பழக்கம், பெயர் சொல்லத் தெரிவது அல்ல. தேர்வில் கேட்பது பெயர். எனவே லெக்சர் முடிந்த அன்று மாலையே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள், வரையுங்கள். இருபது நிமிடம். பாதிகூட வராது. வராத இடத்தைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். அந்தச் சிவப்புதான் நாளை நீங்கள் படிக்க வேண்டியது. மற்றதைத் தொட வேண்டாம்.

அதே தாளை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று திரும்பவும் வெறுமையிலிருந்து எழுதுங்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம். இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் எடுத்தால் அந்த வேகம் தணிகிறது. இந்த இடைவெளிக் கணக்கை நாமே வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஆங்கி என்ற செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஒரு லெக்சருக்கு இருபது அட்டைக்கு மேல் போடாதீர்கள். மற்றவர் செய்து வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொண்டு மூழ்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே எழுதிய அட்டையில் பாதிப் படிப்பு முடிந்திருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. பிரேக்கியல் பிளெக்சஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல். முதுகுத்தண்டில் சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று கயிறுகள், கடைசியில் ஐந்து பெரிய கிளைகள். இதை நான் படித்துப் படித்துப் பார்த்தேன், வரவில்லை. தினமும் காலை பல் தேய்த்ததும் ஒரு முறை வரைவது என்று வைத்தேன். ஒன்பதாவது நாள் கை தானாக வரைந்தது.

படி 4: தமிழில் சொல்லிப் பாருங்கள்

இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில், மருத்துவம் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். புரியாமல் ஒப்பித்த வரி அந்த நொடியே அம்பலமாகிவிடும்.

தோற்ற செய்தியை அப்பாவிடம் சொன்ன ஞாயிறு, அவர் திட்டவில்லை. "சரி, என்னதான் படிக்கிற, எனக்குச் சொல்லு" என்றார். அப்பா போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர். நான் இதயத்தைச் சொன்னேன். வலப்பக்கம் வந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய், இடப்பக்கம் திரும்பி, அங்கிருந்து உடம்பெல்லாம் போகிறது என்றேன்.

"மோட்டாருக்கு கரண்ட் எங்கிருந்தும்மா வருது?"

வெளியிலிருந்து வரவில்லை, வலது மேலறையில் எஸ்ஏ நோட் என்ற சிறு திசு தானே துடிப்பை உண்டாக்குகிறது என்றேன்.

"ஊருக்கெல்லாம் அனுப்புற மோட்டார். அதுக்கு யாரு ஊத்துறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகளை நான் படித்திருந்தேன், ஆனால் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டதே இல்லை. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும்போதுதான் கிடைக்கிறது, சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரிக்கிறது என்பதைத் தேடிப் படித்து அடுத்த ஞாயிறு சொன்னேன். அதை இனி நான் மறக்கப்போவதில்லை.

நேரம் மட்டும் பார்த்து வையுங்கள். நாம் இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். வீட்டில் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பதுக்கு அழைத்தால் இங்கே பதினொன்றரை, தூக்கம் போய்விடும். ஞாயிறு இங்கே பன்னிரண்டரை, அங்கே காலை பத்து என்று ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நல்லதோ கெட்டதோ அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நான் மறைத்த மூன்று வாரமும் தேர்வைவிட மறைப்பதுதான் அதிகம் களைப்பாக்கியது.

படி 5: டிசெக்ஷன் ஹால் (உடலை அறுத்துப் படிக்கும் கூடம்)

போவதற்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் நின்றால் மயக்கம் வரும். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலினின் வாடை துணியில் ஒட்டும். அந்த நாளுக்கென்று ஒரு சட்டையை ஒதுக்கி, தனியாகத் துவையுங்கள்.

சிங்கப்பூரில் உடலைத் தானமாகத் தந்தவர்களை 'மௌன ஆசான்கள்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. என் முதல் நாளில் கைகள் குளிர்ந்துபோயின. எங்கள் மேசையில் இருந்தவர் என் பாட்டி வயதுடையவர். மனதுக்குள் வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். இன்றுவரை அப்படித்தான்.

ஸ்பாட்டர் தேர்வில் ஒவ்வொரு மேசையிலும் சிறிது நேரம்தான், மணி அடித்தால் நகர வேண்டும். ஊசி குத்திய இடத்தை முதலில் பார்க்காதீர்கள். இது எந்தப் பாகம், இடதா வலதா, மேல் எது என்று மூன்றையும் தீர்மானித்துவிட்டு, சந்தேகமே இல்லாத ஓர் அடையாளத்தைப் பிடித்து அங்கிருந்து ஊசிக்கு நடந்து வாருங்கள். அக்குளில் என்றால் தமனியைச் சுற்றி நரம்புகள் ஆங்கில எம் எழுத்தைப் போல் கிடப்பதைத் தேடுங்கள். அது கிடைத்தால் மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன், அல்னார் என்ற மூன்று நரம்புகளும் கிடைத்த மாதிரி.

உங்கள் உடம்பையும் புத்தகமாக்குங்கள். இப்போதே முழங்கையை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போல விறைப்பது பைசெப்ஸ் தசைநாண். அதற்கு உள்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கமாக, விரல் வைத்தால் தமனி துடிக்கும். அதற்கும் உள்பக்கம் மீடியன் நரம்பு. எம்ஆர்டியில் நின்றுகொண்டே இதைப் படிக்கலாம்.

படி 6: கடைசி மூன்று நாள்

புதிதாக எதையும் திறக்காதீர்கள். சிவப்பு மைத் தாள்கள் மட்டும். தேர்வுக்கு முந்தைய இரவும் அதே பதினொன்றரைக்குப் படுங்கள். அனுமதிச் சீட்டு, மாணவர் அட்டை, பேனா எல்லாம் இரவே பையில். காலையில் பருப்புச் சாதம்.

மண்டபத்து வாசலில் நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சு விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை மெதுவாக்கும், அதனால் விடுவதை நீட்ட வேண்டும். ஐந்தாறு முறை போதும். வாசலில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும் கூட்டத்தைவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

படி 7: தாங்கவில்லை என்றால்

இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அறையைவிட்டு வெளியே போகத் தோன்றவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். கல்லூரியின் ஆலோசகரைப் பாருங்கள். நானும் போனேன், நான்கு முறை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 1767 எண்ணை அழையுங்கள். சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 995. இந்த இரண்டையும் இப்போதே கைப்பேசியில் சேமித்துவிட்டு, பக்கத்து அறைத் தோழியின் எண்ணையும் அதற்குக் கீழே சேருங்கள்.

தேர்வு முடிந்த மாலை விடைகளைப் பற்றிப் பேசாதீர்கள். நாங்கள் நான்கு பேர் சிராங்கூன் சாலைக்குப் போய் தோசை சாப்பிட்டு, வீரமாகாளியம்மன் கோயில் வாசல்வரை நடந்துவிட்டுத் திரும்புவோம். பதினொன்றரைக்குப் படுக்கை. மறுநாள் காலை புதுத் தாளில் ஏழு கட்டம்.