வீட்டுக்குள் போய் நினைவைத் தேடும்போது நேரும் தவறுகள்

‘குடும்பப் படங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் எல்லோரிடமும் நல்ல பதில் இருக்கிறது. ஆண்டுவாரியாகப் பிரித்திருக்கிறோம், இன்னொரு பிரதியும் எடுத்து வைத்திருக்கிறோம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, செய்ய நினைத்ததைச் சொல்கிறார்கள். நினைவுகளைப் பகிரும் கருவியையோ செயலியையோ வடிவமைக்க வீடுகளுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இந்தப் பதிலை எழுதிக்கொண்டு திரும்பிவிடுவதுதான்.

மாறாக, ‘குழந்தை பள்ளிக்குப் போன முதல் நாள் படத்தைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்களேன்’ என்று கேளுங்கள். ஸ்டீவ் விட்டேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். ஓராண்டுக்கு முந்தைய குடும்ப நிகழ்ச்சிகளின் படங்களைத் தங்கள் சேகரிப்பிலிருந்து தேடி எடுக்கும்படி பெற்றோரைக் கேட்டார்கள். அவற்றில் 40 சதவீதத்துக்கு நெருக்கமான படங்கள் அகப்படவில்லை. எந்தப் பழைய கைபேசி நினைவுக்கு வருகிறது, யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், எந்த இடத்தில் சலித்துப்போய் ‘அப்புறம் அனுப்புகிறேன்’ என்கிறார்கள் என்று கவனித்தாலே வடிவமைப்புக்கு வேண்டிய பாதி கிடைத்துவிடும்.

அடுத்தது, சேமிப்பையே நினைவு என்று எடுத்துக்கொள்வது. 1945இல் அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ், ஒருவரின் புத்தகங்களையும் குறிப்புகளையும் கடிதங்களையும் சேமித்து வைத்து வேண்டும்போது எடுத்துத் தரும் ‘மெமெக்ஸ்’ என்ற கற்பனைக் கருவியை விவரித்தார். அன்று தொடங்கிய ஆசை கணினித் துறையை இன்னும் விடவில்லை: எல்லாவற்றையும் பதிந்துவிட்டால் எதுவும் மறக்காது! மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் கார்டன் பெல் தன் வாழ்வின் காகிதங்களையும் படங்களையும் ஒட்டுமொத்தமாகக் கணினியில் ஏற்றினார். ‘சென்ஸ்கேம்’ என்ற சிறு கேமரா கழுத்தில் தொங்கியபடியே தானாகப் படமெடுத்தது. இப்படிப்பட்ட படங்கள் நினைவைக் கிளறிவிடும், ஆனால் அவையே நினைவு ஆகிவிடாது. நினைவு பெரும்பாலும் பேச்சில்தான் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பேச்சும் ஒரே வகைப்பட்டதல்ல. குடும்பப் படங்களைப் பற்றி டேவிட் ஃப்ரோலிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. அந்த நாளில் கூட இருந்தவர்கள் சேர்ந்து படம் பார்த்தால் அது நினைவுகூரல்: ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார், இடையில் ‘இல்லை, அது அடுத்த நாள்’ என்று மூன்றாமவர் திருத்துவார். அங்கே இல்லாதவருக்குக் காட்டினால் அது கதை சொல்லல்: ஒருவரே வழிநடத்துவார், சில படங்களைத் தாண்டிப் போவார், ஒன்றில் நெடுநேரம் நிற்பார். ஐந்து விநாடிக்கு ஒருமுறை படம் மாறும் திரை இந்த இரண்டையும் கெடுத்துவிடும். ஆய்வுக்குப் போகும்போது எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, யார் யாருக்குக் காட்டுகிறார்கள், படம் யார் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வது பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டை ஒரே பயனராக நினைப்பதும் தவறு. கருவிகளை நன்றாகக் கையாளுகிறவரே நம்மிடம் அதிகம் பேசுவார். ஆனால் ஆல்பத்தை அடுக்கியவர், எந்தப் படத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் வேறொருவராக, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கருவிகளைக் கொடுத்துவிட்டு வரும் முறைகளும் உண்டு. பில் கேவர், டோனி டன், எலேனா பசென்டி மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை இதில் பெயர்பெற்றது. ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் பெச்சோலி ஆகிய இடங்களில் முதியவர்களுக்கு அஞ்சலட்டை, வரைபடம், சிறு கேமரா கொண்ட பொதிகளைத் தந்து, நிரப்பித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். இந்த முறையைக் கையாளும் பலர் திரும்பி வந்தவற்றைப் புள்ளிவிவர அட்டவணையாக்கிவிடுகிறார்கள். அதை உருவாக்கியவர்கள் தேடியது வடிவமைப்புக்கான உந்துதலை, அளவீட்டை அல்ல. 2003இல் வெளியான இன்னொரு ஆய்வு எளிய கருவியையே வீடுகளில் வைத்துப் பார்த்தது. ‘வீடியோபுரோப்’ என்ற அந்தக் கருவி எதிரிலுள்ள காட்சி சற்று அசையாமல் நின்றால் படமெடுத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பும். யாரும் எடுத்து வைக்காத படம் மெல்ல மங்கி மறைந்துவிடும்.

அவசரமும் பெரிய தவறு. வில்லியம் ஓடமும் உடன் ஆய்வாளர்களும் ‘போட்டோபாக்ஸ்’ என்ற மரப்பெட்டியை மூன்று வீடுகளில் 14 மாதங்கள் வைத்தார்கள். வீட்டாரின் இணையச் சேகரிப்பிலிருந்து மாதத்துக்கு நாலைந்து படங்களை அது தானே தேர்ந்து, தனக்குத் தோன்றிய நேரத்தில் அச்சிட்டுப் போடும். தொடக்கத்தில் மக்கள் எரிச்சலடைந்தார்கள், தங்கள் கையில் எதுவும் இல்லையே என்று. நாளாக ஆக அதன் போக்குக்குப் பழகி, இன்று என்ன வந்திருக்கும் என்று பெட்டியைத் திறக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் ‘பயனருக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதி மூடியிருப்பார்கள்.

எல்லா நினைவும் மேலே வர விரும்புகிறது என்று எண்ணுவது, என் பார்வையில், இவற்றில் மிகக் கொடுமையானது. 2014 இறுதியில் ஃபேஸ்புக்கின் ஆண்டுத் தொகுப்பு, அவ்வாண்டு இறந்துபோன மகளின் படத்தைக் கொண்டாட்ட அலங்காரத்தோடு ஒரு தந்தையின் முன் நிறுத்தியது. பின்னர் நிறுவனத் தரப்பில் மன்னிப்புக் கேட்டார்கள். மகிழ்ச்சியான வீடுகளை மட்டும் பார்த்து வடிவமைத்தால் இப்படித்தான் நேரும். மேல்தட்டில், துணி சுற்றி, கைக்கு எட்டாமல் வைத்த பெட்டியும் ஆய்வுக்கு உரியதே. அதைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஏன் அங்கே வைத்தீர்கள், எப்போது இறக்குவீர்கள் என்று மட்டும், அவர்கள் இசைந்தால், கேளுங்கள். நீங்கள் உருவாக்கும் செயலியிலும் அப்படி ஒரு மேல்தட்டு வேண்டும்: அழிக்கவும் வேண்டாம், தானாக வந்து நிற்கவும் வேண்டாம் என்ற படங்களுக்கு.