இயற்கையா, மனிதரா? புவி வெப்பத்தின் காரணங்களைச் சேலத்திலிருந்தே பிரித்தறியும் முறை

பங்குனி பிறந்துவிட்டால் சேலத்தில் இருவர் சந்திக்கும் இடமெல்லாம் பேச்சு வெயிலில்தான் தொடங்குகிறது. ஒருவர் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்பார்; மற்றவர் இது காலங்காலமாக வந்து போவதுதான் என்பார். இரண்டு கூற்றையும் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு ஒரு நோட்டும் ஒரு வெப்பமானியும் பெருக்கல், வகுத்தல் கணக்கும் போதும்.

முதலில் ஊர்ச் சூட்டையும் உலகச் சூட்டையும் பிரித்துவிட வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், இரண்டுக்கும் இடையே 8 டிகிரி வேறுபாடு இருப்பது இயல்பே. அதில் புவி வெப்பமடைதலுக்குப் பங்கில்லை. அதேபோல, தார்ச்சாலையும் கான்கிரீட் கூரையும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கக்குவதால் நகரத்தின் நடுவே ஏற்படும் புழுக்கமும் அந்த ஊருக்கே உரியது. வெப்பமானியை மொட்டை மாடியில் வைத்தால் மாடியின் சூட்டைத்தான் அளப்பீர்கள். நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்து, நாள்தோறும் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் தனித்தனியே குறியுங்கள். இரவின் அளவை விட்டுவிடாதீர்கள். அது பின்னால் சாட்சிக்கு வரும். ஓர் ஆண்டுக் குறிப்பு வானிலையையே காட்டும். காலநிலை என்று சொல்லக் குறைந்தது முப்பது ஆண்டுகளின் சராசரி வேண்டும்.

உலக அளவில், நிலத்திலும் கடலிலும் எடுக்கப்பட்ட எண்ணற்ற அளவீடுகளின் சராசரி 1850–1900 காலத்தைவிட 2011–2020 காலத்தில் ஏறத்தாழ 1.1 டிகிரி கூடியிருந்தது. 2024ஆம் ஆண்டு மட்டும் தனியே 1.5 டிகிரியைத் தாண்டியது. நாம் காரணம் தேடுவது இந்த உயர்வுக்குத்தான்.

இப்போது நோட்டில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கேள்விகளை எழுதுங்கள். இந்தக் காலத்தில் அது உண்மையில் மாறியதா? மாறியது வெப்பம் கூடும் திசையிலா? மாற்றத்தின் அளவு போதுமா? அதற்கே உரிய தடயம் காற்றிலோ கடலிலோ கிடைக்கிறதா? நான்கிலும் தேறினால்தான் அதைக் காரணமாகக் கொள்ளலாம்.

சூரியனை முதலில் நிறுத்துங்கள், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கை காட்டுகிறார்கள். செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரிய ஒளியின் வலிமையை அளந்து வருகின்றன. பதினொரு ஆண்டுச் சுழற்சியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறதே தவிர, புவியின் வெப்பநிலையோடு சேர்ந்து தொடர்ந்து ஏறவில்லை. அளவில் தோற்ற இந்தக் காரணம் தடயத்திலும் தோற்கிறது. சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் வளிமண்டலம் அடி முதல் முடி வரை சூடேற வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடேறும்போது அதற்கு மேலுள்ள மீள் அடுக்கு குளிர்ந்து வருகிறது. உலகின் பெரும்பகுதியில் பகலைவிட இரவின் வெப்பம் வேகமாக உயர்ந்திருக்கிறது. இரவில் சூரியன் இல்லை. தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரைத் தடுத்து வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

எரிமலையின் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்தபோது வானில் பரவிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி, உலகை ஏறத்தாழ அரை டிகிரி குளிர்வித்தன. ஓரிரு ஆண்டுகளில் அந்த விளைவு தணிந்தது. எரிமலைகள் வெளியிடும் கரியமில வாயு மனிதர்கள் வெளியிடுவதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். பசிபிக் கடலின் மேற்பரப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோ, கடலில் இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றி ஓர் ஆண்டைச் சுட வைக்கிறது. 1997–98, 2015–16, 2023–24 ஆகியவை அப்படிப்பட்டவை. ஆனால் அது கணக்கில் புதிதாக வெப்பத்தைச் சேர்ப்பதில்லை. பனியுகங்களைக் கொண்டுவந்த புவிச் சுற்றுப்பாதை மாற்றங்கள் பல பத்தாயிரம் ஆண்டுகள் எடுப்பவை. அவை இப்போது மெல்லக் குளிரும் திசையிலேயே நம்மைத் தள்ளுகின்றன. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை சூரியனையும் எரிமலையையும் சேர்த்தே பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் கொடுக்கவில்லை.

நீராவி பெரிய பசுமை இல்ல வாயு, அதாவது வெப்பக் கதிரைத் தடுத்து வைக்கும் வாயு என்பது உண்மைதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதாவது வேறொன்று தொடங்கிய சூட்டை அது பெருக்குகிறது. (ஏற்காட்டு மூடுபனியைக் காட்டி இதோ நீராவி என்று சொல்லாதீர்கள். மூடுபனி என்பது நீர்த்துளி. நீராவி கண்ணுக்குத் தெரியாது.)

அடுத்த பக்கம் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவுக்கு. அதற்குச் சேலத்துக்காரர் எங்கும் போக வேண்டாம். கருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் போதும். மக்னீசியம் நிறைந்த ஆதிப் பாறைகளின் விரிசல்களில், கரியமில வாயு கலந்த நீர் நெடுங்காலம் ஊறி ஊறி உண்டாக்கிய நரம்புகள் இவை. காற்றிலிருக்கக்கூடிய கரியை (கார்பனை) இயற்கை கல்லாக்கிப் பூட்டி வைத்திருக்கிறது. அதைச் சூளையிலிட்டுச் சுட்டால், தூய கல் 100 கிலோவுக்கு 48 கிலோ மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) மிஞ்சும். 52 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இது கல்லிலிருந்து மட்டும் வருவது. சூளைக்கு எரித்த எரிபொருளின் புகை தனி. சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டுக்குச் சுட்டாலும் இதே கதைதான். தூய கல்லில் 100 கிலோவுக்கு 44 கிலோ போகும். கல்லுக்குள் வாயு இருப்பதை நம்பாதவருக்குச் சுண்ணாம்புக்கல்லின் மீது சில துளி வினிகரை விட்டுக் காட்டுங்கள், நுரைக்கும். வெள்ளைக்கல் அவ்வளவு எளிதில் நுரைக்காது. பொடித்து, அமிலத்தைச் சூடாக்க வேண்டும்.

இயற்கைக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கல்லைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் கண்டதில்லை. வாயு ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். பூட்டியதற்கும் திறந்ததற்கும் எடுத்த காலம்தான் வேறு. கடைசிப் பனியுகம் முடிந்தபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கிலிருந்து ஏறத்தாழ 280 பங்காக உயரப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1958இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதே நூறு பங்கு ஓர் ஆயுட்காலத்துக்குள் ஏறியிருக்கிறது.

கூடிய கரி எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. உயிருள்ள பொருள்களில் இருக்கும் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன், உயிர் போனபின் பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது மிஞ்சவே இல்லை. தாவரங்கள் கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான கார்பனைக் குறைவாகவே எடுப்பதால் அவற்றிலிருந்து வந்த நிலக்கரியிலும் அது குறைவு. காற்றிலும் இந்த இரண்டின் விகிதமும் குறைந்து, கூடவே ஆக்சிஜனும் சிறிது குறைந்து வருகிறது. பழைய தாவரக் கரியை எரித்தால் மட்டுமே இந்த மூன்றும் ஒருங்கே நிகழும்.

வீட்டுக் கணக்கையும் எழுதிவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும், டீசலுக்கு 2.7 கிலோ, 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளைக்கு ஏறத்தாழ 42 கிலோ. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி ஸ்கூட்டரில் ஏற்காடு போய்வர ஒன்றரை லிட்டர் செலவானால் மூன்றரை கிலோ. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 1,440 மெகாவாட் மேட்டூர் அனல்மின் நிலையம் முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1,400 டன் என்பதை அந்த ஸ்கூட்டர் கணக்குக்கு அருகிலேயே எழுதினால்தான் அளவு புத்தியில் ஏறும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் கரியமில வாயுவை நிரப்பி, விளக்கின் முன் வைத்து வெப்பம் கூடுவதைக் காட்டும் சோதனையைத் தவிர்த்துவிடுங்கள். நான் ஒருமுறை மாணவர்களுக்குச் செய்து காட்டினேன். வெப்பமானியைச் சற்றுத் திருப்பியதும் முடிவு தலைகீழானது. கனமான வாயு பாட்டிலுக்குள் சரியாகச் சுழலாததுதான் அதில் பெரிதும் வெளிப்படுகிறது. இவ்வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுவதை இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1859இலேயே முறையாக அளந்துவிட்டார்.

இயற்கை, மனிதர் என்ற இரண்டு பக்கத்திலும் கால் வைக்கும் பதிவுகள் கடைசியில் மிஞ்சும். குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகளின் கழிவுநீர்க் குட்டையில் மீத்தேன் எழுகிறது. அதை உண்டாக்குவது இயற்கை நுண்ணுயிர்தான், ஆனால் குட்டையை வெட்டியது மனிதர், ஆகவே மனிதர் பக்கம். இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு சுடும் என்பதால், குட்டையை மூடி வாயுவைப் பிடித்து எரிக்கும் ஆலைக்கு அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் சரிவில் மாசி, பங்குனியில் எரியும் காய்ந்த புல் இன்னும் சிக்கலானது. மழைக்குப் பின் அதே புல் முளைத்தால் போன கரி திரும்பிவிடுகிறது. எரிந்த இடம் மனைகளாகிவிட்டால் திரும்புவதில்லை. ஆகவே அந்தப் பதிவை மட்டும் பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அதே சரிவைப் போய்ப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்று பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.