ஒரு செங்கல் பத்து வெள்ளி: அகதிகளுக்கு நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் சுவரொட்டி ஒன்றை அனுப்பி, "அண்ணா, எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று மூன்று ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து, மியன்மாரிலிருந்து விரட்டப்பட்டு வங்கதேச முகாமில் இருக்கும் ரோஹிங்கியா முஸ்லிம் குழந்தைகளுக்காக நிதி திரட்டப் போகிறார்கள். நல்ல மனசு, அழகான வடிவமைப்பு. நடுவில் கொட்டை எழுத்தில், "ஒரு கதவு 50 வெள்ளி, ஒரு ஜன்னல் 30 வெள்ளி. வாருங்கள், பள்ளி கட்டுவோம்!" (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.)

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2018-ல் இதே மக்களுக்காக நாங்கள் செங்கல் விற்றோம். இவர்கள் கதவு விற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தங்கைக்குப் பதில் எழுத உட்கார்ந்தது நீண்டு இப்படி ஆகிவிட்டது. ரசீது கொடுங்கள், கணக்கு எழுதுங்கள், கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் விழுகிற குழிகள் வேறு.

பணத்தைத் திரட்டிவிட்டு அனுமதி தேடுவது

நாடு விட்டு நாடு பணம் போகும் வேலை இது. புறப்படும் இடத்தில் ஒரு சட்டம், போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு சட்டம். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் பெர்மிட் வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி, பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு விலக்குக் கேட்டு வாங்கலாம். கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம், தானாக வராது. வங்கதேசத்தில் வெளிநாட்டு நன்கொடையை எந்தத் தொண்டு நிறுவனமும் சும்மா வாங்கிச் செலவழிக்க முடியாது. என்ஜிஓ விவகாரப் பணியகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும், அவசர நிவாரணம் என்றால் அதற்கென்று எஃப்டி-7 படிவம் இருக்கிறது. அதற்கு மேல் அகதிகள் ஆணையர் அலுவலகம், அதற்குக் கீழே ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி.

மதுரையில் இருக்கும் ஒரு நண்பர் தன் அறக்கட்டளையும் எங்கள் முயற்சியில் சேரட்டும் என்றார். இந்திய அறக்கட்டளை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்காவிட்டால் வரிவிலக்குப் போய்விடும் என்று அவருடைய ஆடிட்டர் சொன்ன பிறகு அமைதியாகிவிட்டார். எதிர்த் திசையிலும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கு வெளிநாட்டிலிருந்து உதவ நினைப்பவர்கள், வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும், ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றி விடவும் முடியாது. "நாங்க வாங்கி உங்களுக்குத் தந்திடுறோம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பொருளைச் சொல்லிப் பணம் கேட்பது

இன்னும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. செய்தவனே நான்தான் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

மியன்மார் ராணுவத் தாக்குதல் தொடங்கிய 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டுத்தான் நாங்களும் கிளம்பினோம். உணவுக்கும் மருந்துக்கும் பெரிய அமைப்புகள் இருக்கின்றன, நாம் பள்ளிக்கூடம் கட்டுவோம் என்று முடிவு செய்தோம். "பிள்ளைகளின் கல்விக்கு உதவுங்கள்" என்று கேட்டால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைச் சொன்னால் பை திறக்கும் என்று நான்தான் வாதாடினேன். "ஒரு செங்கல் பத்து வெள்ளி." காகிதத்தில் செங்கல் அச்சடித்து, கொடுத்தவர்கள் பெயரை எழுதி, குழந்தைகள் வண்ணம் தீட்டி, சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மண்டபச் சுவர் முழுக்க ஒட்டினோம். லண்டன் நண்பர்கள் அதையே பவுண்டில் செய்தார்கள். டொராண்டோவில் ஒரு பெரியவர் தன் அம்மா நினைவாக ஒரு வகுப்பறைக்கே பணம் கொடுத்தார். சுவர் ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே எங்களோடு வேலை செய்யவிருந்த உள்ளூர் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "செங்கல்லா பாய்?" என்றார்.

முகாமுக்குள் நிரந்தரக் கட்டடத்துக்கு அரசு அனுமதிப்பதில்லை. இவர்கள் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்பது வங்கதேச அரசின் நிலை, அதனால் வீடும் சரி, கற்றல் மையமும் சரி, மூங்கிலிலும் தார்ப்பாயிலும்தான். மழைக்காலத்தில் மண் சரியும், புயலில் கூரை பறக்கும், தீப்பிடித்தால் வரிசையாக எரியும். 2021 மார்ச்சில் ஒரே தீயில் 45,000 பேர் வரை வீடிழந்தார்கள். அந்த விதி சரியா தவறா என்று நீங்களும் நானும் சண்டை போடலாம், ஆனால் எங்கள் செங்கலுக்கு அங்கே இடமில்லை என்பது மட்டும் உறுதி. இது ரகசியமும் இல்லை, முகாமில் வேலை செய்யும் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

சரி, பணம் இருக்கிறதே, மூங்கில் வாங்கிக்கொள்ளலாமே என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேதான் இரண்டாவது அடி. செங்கலுக்கென்று கேட்டு வாங்கிய பணம் செங்கலுக்கான பணம்தான். இன்ன நோக்கத்துக்கு என்று சொல்லி வாங்கியதை நம் இஷ்டத்துக்குத் திருப்பிவிட முடியாது. லண்டன் அமைப்பின் அறங்காவலர்கள் ஆடிப்போனார்கள், அவர்களுடைய சட்டத்தில் அது கட்டுப்பட்ட நிதி. கொடுத்த ஒவ்வொருவருக்கும் எழுதி, வேறு தேவைக்குப் பயன்படுத்தச் சம்மதமா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்க வேண்டியதாயிற்று. உண்டியலில் போட்டவர்களை எங்கே போய்த் தேடுவது? நான்கு மாதம் இதே வேலை. டொராண்டோ பெரியவர் கோபப்படவில்லை. "எங்கம்மா பேரை மூங்கில்ல எழுத வேண்டாம் தம்பி" என்று மட்டும் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டார். அது கோபத்தைவிட மோசம்.

அந்த நான்கு மாதமும் காக்ஸ் பஜார் ஒருங்கிணைப்பாளர் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தது வேறொன்று. அங்கே கற்றல் மையத்தில் சாதாரணமாக இரண்டு பேர் பாடம் நடத்துவார்கள். உள்ளூர் வங்கதேச ஆசிரியர் ஒருவர், பர்மிய மொழி சொல்லித்தர ரோஹிங்கியா ஒருவர். அவர்களுக்குக் கொடுக்கும் மாத உதவித்தொகைக்குத்தான் அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. எங்களுக்கோ சம்பளம் என்ற சொல்லைச் சுவரொட்டியில் போடக் கூச்சம், நிர்வாகச் செலவு என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். 2025 ஜூனில் நிதி வற்றிப்போய் யூனிசெஃப் தன் மையங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களை நிறுத்த வேண்டி வந்தது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மண்டபச் சுவர்தான் கண்முன் வந்தது. மூங்கில் கூரை இருக்கிறது, உள்ளே டீச்சர் இல்லை.

இதில் நாங்கள் மட்டும் முட்டாள்கள் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். அரசுகளே இதைத்தான் செய்கின்றன, இந்த நாட்டுக்கு, இந்தத் திட்டத்துக்கு, இந்தப் பொருளுக்கு என்று முடிச்சுப் போட்டுத்தான் ஐ.நா. அமைப்புகளுக்குப் பணம் தருகின்றன. 2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய கொடையாளர்களும் உதவி அமைப்புகளும் கூடி, 30 விழுக்காட்டையாவது முடிச்சில்லாமலோ தளர்வான முடிச்சோடோ தருவதை 2020-க்குள் எட்டப் பார்ப்போம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அவ்வளவு பெரியவர்களுக்கே ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

ஆகவே, தங்கைக்கு நான் சொன்னது இதுதான். சுவரொட்டி வரையும் முன்னால் அங்கே இருப்பவரைக் கூப்பிடுங்கள். "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டால் உங்களுக்குப் பிடித்ததையே சொல்வார், பணம் தரப்போகிறவர்களிடம் யார் மறுத்துப் பேசுவார்? "எதற்கு அனுமதி கிடைக்காது? யார் ஒப்புதல் தர வேண்டும்? எத்தனை நாள் ஆகும்? போன வருஷம் எந்தச் செலவுக்குப் பணம் கிடைக்காமல் திண்டாடினீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம், சுவரொட்டியிலேயே, சின்ன எழுத்தில் ஒளிக்காமல், இப்படி ஒரு வரி: "இந்த நிதி ரோஹிங்கியா பிள்ளைகளின் கல்விக்காக. அங்குள்ள விதிகளாலோ நிலைமையாலோ இயலாமல் போனால், அதே முகாம் மக்களின் வேறு அவசரத் தேவைக்குப் பயன்படுத்துவோம், எதற்கு என்று உங்களுக்குத் தெரிவிப்போம்." கண்ணுக்குத் தெரியும் பொருள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், "50 வெள்ளி இருந்தால் இன்னின்ன செய்ய முடியும்" என்று எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள், "இதை வாங்குவோம்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த ஒரு வரி எங்களுக்கு நான்கு மாதத்தையும் ஒரு பெரியவரையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

பழைய துணி

வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரம் குவிந்து மக்கிய துணிகளைப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

வங்கியை மறந்துவிடுவது

லண்டனிலிருந்து டாக்காவுக்குப் போன ஒரு தொகை நடுவழியில் ஏதோ ஒரு வங்கியில் வாரக்கணக்கில் நின்றது. அனுப்பியவர் குறிப்புப் பகுதியில் "மியன்மார் அகதிகளுக்கு" என்று எழுதியிருந்தார். 2022 அக்டோபரில் கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச நிதி நடவடிக்கைக் குழு (எஃப்ஏடிஎஃப்) மியன்மாரைக் கறுப்புப் பட்டியலில் போட்டதிலிருந்து அந்தப் பெயரைப் பார்த்தாலே கணினி மணியடிக்கும். அதற்காகக் குறிப்பில் பொய் எழுதாதீர்கள், அது இன்னும் பெரிய வம்பு. பணம் போவது வங்கதேசத்தில் பதிவு பெற்ற ஓர் அமைப்புக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அந்த அமைப்பின் பதிவுச் சான்று, ஒப்புதல் கடிதம், செலவுத் திட்டம் மூன்றையும் அனுப்புவதற்கு முன்பே உங்கள் வங்கியிடம் கொடுத்துவிடுங்கள். கேட்ட பிறகு கொடுத்தால் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

பெயரில் கோட்டை விடுவது

வங்கதேச அரசின் காகிதங்களில் அவர்கள் "அகதிகள்" இல்லை, "வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியன்மார் நாட்டவர்". அந்த நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும்கூட இல்லை. மியன்மார் அரசோ அவர்களை "வங்காளிகள்" என்கிறது, 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. ஆகவே அனுமதிக்கு எழுதும் கடிதத்தில் அரசின் சொல்லைப் போடுங்கள், மேடையில் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரைச் சொல்லுங்கள். எங்கள் தொண்டூழியர் ஒருவர் இரண்டையும் மாற்றிப் போட்டார். கடிதம் திரும்பி வந்தது, மேடையில் இருந்த ரோஹிங்கியா இளைஞர் எழுந்து போய்விட்டார்.

அழும் குழந்தையின் முகம்

போடாதீர்கள். உங்கள் குழந்தையின் படமாக இருந்தால் போடுவீர்களா?

ஆகஸ்ட்டில் மட்டும் விழித்துக்கொள்வது

ஜூன் 20 உலக அகதிகள் நாள், ஆகஸ்ட் 25 நினைவு நாள். இந்த இரண்டு தேதிக்கும் கூட்டம் போடுகிறோம், மெழுகுவத்தி ஏற்றுகிறோம், மிச்ச மாதங்களில் முகாமில் யாரும் சாப்பிடுவதில்லை போல. 2023 மார்ச்சில் உலக உணவுத் திட்டம் ஒருவருக்கான மாத உணவுப் படியை 12 டாலரிலிருந்து 10 ஆக்கியது, ஜூனில் 8 ஆக்கியது. ஒரு நாளைக்கு 27 சென்ட். பிறகு கூட்டினார்கள், ஆனாலும் அந்த மார்ச்சில் எங்கள் குழுவில் ஒரு செய்திகூட ஓடவில்லை, எல்லோரும் ஜூன் நிகழ்ச்சிக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தோம். "பத்து லட்சம் பேர்" என்று மேடையில் சொன்னால் தலையாட்டுவார்கள். 27 சென்டை மேசையில் வைத்து, இதில் இன்று மூன்று வேளை சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பெரிய விழாவில் ஒரே நாளில் 5,000 வாங்குவதைவிட, மாதம் பத்து வெள்ளி தரும் நாற்பது பேர் கிடைத்தால் அங்கே ஓர் ஆசிரியரை நம்பி வேலைக்கு வைக்கலாம்.

ஒரே பணத்தை மூன்று முறை எண்ணுவது

பல நாட்டுக் குழு என்றால் இது கட்டாயம் நடக்கும். சிங்கப்பூரில் திரட்டியதை லண்டனுக்கு அனுப்பினோம், லண்டன்காரர்கள் அதையும் தங்கள் கணக்கில் சேர்த்து அறிவித்தார்கள், டொராண்டோ நண்பர்கள் மூன்று நாட்டு மொத்தம் என்று அதையே இன்னொரு முறை கூட்டினார்கள். யாரும் திருடவில்லை, ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த தொகையைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரே ஒரு அட்டவணை, ஒரே நாணயம், அதைத் தொட ஒரே ஆள். பணம் அங்கே வந்து சேர்ந்ததாக உள்ளூர் அமைப்பு கடிதம் தந்த பிறகுதான் மொத்தத் தொகையை வெளியில் சொல்ல வேண்டும்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. செங்கலுக்குப் பணம் தந்தவர்களில் சிலரை எங்களால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சின்னத் தொகை இன்னும் எங்கள் கணக்கில் "செங்கல்" என்ற தலைப்பில் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் தணிக்கையாளர் அந்த வரியில் பேனாவை வைத்து நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், நானும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறேன்.