மகள் மிச்சிகனில் படிக்கிறாளா? சட்டையில் ஆரம்பியுங்கள்

திருப்பூரில் பதினாறு மெஷின் போட்டு பனியன் தைக்கிறவன் நான். மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருஷம், அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போட்டுக்கொள்ளட்டும் என்று நல்ல சிவப்பில் நாலு டீ-சர்ட் தைத்து அனுப்பினேன். போனில் ஒரே சிரிப்பு. "அது ஓஹியோ ஸ்டேட் கலருங்கப்பா! இதைப் போட்டுட்டுப் போனா பக்கத்துல உக்காரவே விடமாட்டாங்க." இரண்டு பல்கலைக்கழகமும் 1897-ல் இருந்து மோதுகின்றன. எனக்கு எங்கே தெரியும்?

பிள்ளையை அங்கே அனுப்பியவர்கள் ஆட்ட விதியில் ஆரம்பிக்காதீர்கள், தலை சுற்றும். முதலில் கலர். 1867-ல் மாணவர்கள் தேர்ந்தெடுத்தது நீலமும் மக்காச்சோள மஞ்சளும். நிறத்தின் பெயரே சோளம்தான். டையிங்காரரிடம் வெறுமனே 'மஞ்சள்' என்றால் எலுமிச்சை நிறத்தில் போட்டுவிடுவார். பல்லடம் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளத்தில் ஒரு கைப்பிடி கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சட்டை எண்கள். பழைய மாணவர்களை இப்படிப் பிடித்தால் மறக்காது.

48, ஜெரால்டு ஃபோர்டு. பின்னால் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். 1932, 1933 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியனான அணியில் இருந்தார். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1934. வில்லிஸ் வார்டு என்ற கறுப்பின வீரர் இறங்கினால் ஆடமாட்டோம் என்றது ஜார்ஜியா டெக் அணி. மிச்சிகனும் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டது. வார்டு ஃபோர்டின் நெருங்கிய நண்பர். 9-2 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் ஜெயித்தது அந்த ஒரே மேட்ச்தான். வார்டு பிற்காலத்தில் நீதிபதி ஆனார். ஃபோர்டு 1999-லும் பத்திரிகைக் கட்டுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். 65 வருஷம் ஒருத்தர் மனதில் கிடந்த மேட்ச்!

11, விஸ்டர்ட் சகோதரர்கள் மூன்று பேர். ஒருவர் பின் ஒருவராக வந்து மூவரும் அணியில் ஒரே இடத்தில், ஒரே எண்ணில் ஆடினார்கள். 10, டாம் பிரேடி. 2000-ல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது 199-வது ஆள், பிறகு தொழில்முறை இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஏழு தடவை ஜெயித்தார். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் அங்கே படித்தவர்தான். அதைச் சொன்னால் மகள் மதிக்கமாட்டாள், எல்லாருக்கும் தெரிந்தது.

எனக்குப் பிடித்தது கூஜா கதை. 1903-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஆடப்போன மிச்சிகன்காரர்கள், தண்ணீருக்கென்று 30 சென்டுக்கு மண்கூஜா ஒன்று வாங்கினார்கள். ஆட்டம் 6-6, சமன். கூஜாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். திருப்பிக் கேட்டதற்கு, "வேண்டுமென்றால் ஜெயித்து எடுத்துக்கொள்" என்றார்களாம். 1909-ல் ஜெயித்துத்தான் எடுத்தார்கள். இன்றைக்கும் இரண்டு அணிக்கும் நடுவில் அந்தக் கூஜாதான் பரிசு.

சரி, விதி. முட்டை வடிவப் பந்து. நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் மறுபடி நாலு. எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. துணி அளக்கிற நமக்குக் கெஜக் கணக்கு புதுசா என்ன?

அங்கே பகல் 12 மணி மேட்ச் என்றால் நமக்கு ராத்திரி 9:30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மாற்றுவார்கள், அதற்கப்புறம் 10:30. சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்காரச் சரியாக இருக்கும். ஓஹியோ மேட்ச் நவம்பர் கடைசியில் வரும், அதை மட்டும் விடாதீர்கள்.

தோற்ற ராத்திரி மகளுக்குப் போன் போடாதீர்கள். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்.