911 மசோதாவுக்காகப் பேசப் போகிறீர்களா? இங்கேதான் கோட்டை விடுவீர்கள்

அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) 911 கட்டுப்பாட்டு அறையில் எனக்குத் தொழில்நுட்ப வேலை. 911 என்பது அங்கே அவசர உதவிக்கு அழைக்கும் எண். தீயணைப்பு, போலீஸ் ரேடியோவுக்கென்று மாநில சட்டமன்றத்தில் மசோதா வரும்போதெல்லாம் ஆதரவாகப் பேசப் புதியவர்கள் கிளம்புகிறார்கள். எங்கள் செட் சறுக்கிய அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். நேரத்துக்குப் போகாதது, மனுவில் எழுத்துப்பிழை இதெல்லாம் கிடக்கட்டும்.

பணத்தைப் பூட்டாமல் விடுவது

போன் பில்லில் மாதாமாதம் 911 கட்டணம் பிடிக்கிறார்கள். அது எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எதற்குச் செலவழிக்கலாம் என்ற பிரிவை ஒருவரும் படிப்பதில்லை.

நியூ ஜெர்சியைப் பாருங்கள். 2004 சட்டப்படி ஒரு இணைப்புக்கு மாதம் 90 சென்ட். நிதிக்கு 911 என்றுதான் பெயர். ஆனால் மாநிலக் காவல்துறைச் செலவு போன்றவற்றுக்கும் எடுக்கலாம் என்று அந்தச் சட்டமே கதவைத் திறந்து வைத்தது. பெரும்பங்கு அந்த வழியாகவே போனது. இதில் திருட்டு எதுவும் இல்லை, எல்லாம் சட்டப்படிதான்! மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், 911 பணத்தைத் திசைதிருப்பும் மாநிலங்களாக நியூ ஜெர்சி, நியூயார்க் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அப்படித் திருப்பினால் மத்திய அரசின் 911 மானியத்துக்கும் தகுதி போய்விடும். உள்ளதும் போச்சு.

போன முறை நம்ம ஊர்த் தம்பி ஒருவர் டவர், ரிப்பீட்டர் என்று அருமையாக உரை தயாரித்திருந்தார். மசோதாவில் ‘பொதுப் பாதுகாப்பு சார்ந்த பிற செலவுகள்’ என்று இருந்ததைக் காட்டினேன். “அது சும்மா ஒரு வரிதானே அண்ணா” என்றார். அந்தச் சும்மா வரிக்குள் ஒரு துறையின் சம்பளப் பட்டியலே புகுந்துகொள்ளும். ‘பிற’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். அனுமதித்த செலவுகளை ஒவ்வொன்றாக எழுதவும், மீந்த பணத்தை அதே நிதியில் வைக்கவும், தணிக்கையை வெளியிடவும் கேளுங்கள்.

பிராண்ட் பெயரைச் சட்டத்தில் எழுதுவது

வேண்டாம். வெவ்வேறு கம்பெனி ரேடியோக்களும் ஒன்றோடொன்று பேச வழிசெய்யும் பி-25 தரம் என்று எழுதினால் போதும்.

கட்டடத்துக்குள் சிக்னலை மறப்பது

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் சரிந்ததும் வடக்குக் கோபுரத்தில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி ரேடியோவில் உத்தரவு போனது. பல தீயணைப்பு வீரர்களுக்கு அது எட்டவில்லை. வரைபட அனுமதியின்போதே உள்ளே ரேடியோ எடுக்குமா என்று கேட்கும் விதி வேண்டும். கூரையை மூடிய பிறகு கேபிள் இழுக்கச் சொன்னால் கட்டடக்காரர் அவகாசம் கேட்டு அதே சட்டமன்றத்துக்குத்தான் வருவார்.

அழைப்பு எங்கே போகிறது என்று பார்க்காதது

2018இல் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அங்கிருந்து வந்த கைபேசி அழைப்புகள் பக்கத்து ஊரான கோரல் ஸ்பிரிங்ஸ் மையத்துக்குப் போயின. கவுண்டி போலீஸான ஷெரிஃப் துறையினரை அனுப்பும் மையமோ வேறு. ‘ஒருங்கிணைப்பு’ என்று மட்டும் இருக்கும் மசோதாவில் எந்த ஊர் அழைப்பை எந்த மையம் எடுக்கும், போலீஸை யார் அனுப்புவார் என்பதையும் எழுத வையுங்கள்.