ஸ்ட்ரெங்தன்: வலுவடைவதா, வலுப்படுத்துவதா?

"புயல் வலுவடைந்தது" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பலர் "தி ஸ்டார்ம் வாஸ் ஸ்ட்ரெங்தன்ட்" என்று எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை என்று கணினி சிவப்புக் கோடு போடாது. ஆனால் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி வரும்: வலுப்படுத்தியது யார், எது? அந்த "வாஸ்" வேண்டாம். "தி ஸ்டார்ம் ஸ்ட்ரெங்தன்ட்" என்றாலே புயல் வலுவடைந்துவிட்டது. "பை வார்ம் வாட்டர்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்வதானால் "வாஸ்" பொருந்தும்.

இந்தத் தவறுக்கு ஒரு காரணம் நம் தாய்மொழிப் பழக்கம். திருந்து, திருத்து, உருள், உருட்டு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறு வேறு வடிவம் வைத்துப் பேசுகிறவர்கள் நாம். வலுவடை ஒன்று, வலுப்படுத்து இன்னொன்று. ஆங்கிலத்தில் ஸ்ட்ரெங்தன் என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் பார்க்கிறது. "ஸ்ட்ரெங்தன் என்றால் வலுப்படுத்து" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், தானாக நடப்பதைச் சொல்லச் செயப்பாட்டுவினையைத் தேடுகிறார். "வலுவடை" என்று படித்தவரோ எதிர்ப்பக்கம் போய் "திஸ் எக்சர்சைஸ் மேக்ஸ் யுவர் மசில்ஸ் ஸ்ட்ரெங்தன்" என்கிறார். அங்கே "மேக்ஸ்" சும்மா நிற்கிறது. "திஸ் எக்சர்சைஸ் ஸ்ட்ரெங்தன்ஸ் யுவர் மசில்ஸ்" என்பதே இயல்பு.

சரி, அப்படியானால் எல்லாமே தானாக ஸ்ட்ரெங்தன் ஆகுமா? ஆகாது. காற்று, புயல், பொருளாதாரம், நட்பு, மன உறுதி இவையெல்லாம் ஆகும். பாலம் ஆகாது. அதை யாரோ வலுப்படுத்த வேண்டும், ஆகவே "தி பிரிட்ஜ் வாஸ் ஸ்ட்ரெங்தன்ட்". இதைக் கண்டுபிடிக்க விதி எதையும் தேட வேண்டியதில்லை. "பாலம் வலுவடைந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழ்க் காதுக்கே உறுத்தும். "பாலம் வலுப்படுத்தப்பட்டது" உறுத்தாது. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை கைகொடுக்கிறது.

நாணயச் செய்திகளில் வேறு ஒரு சறுக்கல் உண்டு. ஒரு டாலருக்கு 150 யென் என்றிருந்தது 145 யென் ஆனால், எண் இறங்கியதைப் பார்த்து யென் சரிந்தது என்று எழுதிவிடுவார்கள். நடந்தது நேர்மாறு. அதே டாலரை வாங்க இப்போது குறைவான யென் போதும், ஆகவே யென் வலுவடைந்திருக்கிறது: "தி யென் ஸ்ட்ரெங்தன்ட் அகெய்ன்ஸ்ட் தி டாலர்". அங்கே வர வேண்டிய சொல் "அகெய்ன்ஸ்ட்", ஒப்பிடும்போது வரும் ஆங்கில "தேன்" அல்ல.

இதைவிட ஆழமான பள்ளம் "வலு" என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் மழை வலுக்கும், சந்தேகம் வலுக்கும், எதிர்ப்பு வலுக்கும், கோரிக்கையும் வலுக்கும். இத்தனைக்கும் ஸ்ட்ரெங்தன் போட முடியாது. மழை என்றால் "காட் ஹெவியர்". சந்தேகத்துக்கும் கோரிக்கைக்கும் "குரோ" இயல்பாகப் பொருந்தும். எதிர்ப்புக்கு "குரோ" சரி, "மவுன்ட்" இன்னும் அழுத்தமாக இருக்கும். வலி கூடினால் "காட் வொர்ஸ்".

மோசமாகக் கவிழ்ப்பது வாக்குவாதம். நான் ஒருமுறை மொழிபெயர்ப்பில் "இருவருக்கும் இடையே வாக்குவாதம் வலுத்தது" என்பதை "தி ஆர்கியுமென்ட் ஸ்ட்ரெங்தன்ட்" என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தவர் "யாருடைய வாதம்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஆர்கியுமென்ட் என்பது சண்டையும்தான், ஒருவர் முன்வைக்கும் வாதமும்தான். பக்கத்தில் ஸ்ட்ரெங்தன் வந்து நின்றதும், யாரோ நல்ல ஆதாரம் கொண்டுவந்து தன் தரப்பை உறுதியாக்கிக்கொண்டார் என்ற பொருள் முந்திக்கொள்கிறது. நான் சொல்ல நினைத்ததோ, குரல் உயர்ந்தது, பேச்சு தடித்தது என்பது. அதற்கு "எஸ்கலேட்டட்" அல்லது "காட் ஹீட்டட்" என்றிருக்க வேண்டும். அன்றிலிருந்து தமிழில் "வலு" வரும் இடத்திலெல்லாம் ஒரு நொடி நின்று, அளவு கூடியதா, வேகம் கூடியதா, உறுதி கூடியதா என்று பார்க்கிறேன். உறுதி கூடியிருந்தால் ஸ்ட்ரெங்தன் அநேகமாகப் பொருந்தும்.

அறிவு, ஆங்கிலப் புலமை, உடல்நலம் இவற்றுக்கு "இம்ப்ரூவ்" போதும். கம்பி வைத்துக் கட்டும் கான்கிரீட் "ரீஇன்ஃபோர்ஸ்ட்", சத்து சேர்த்த மாவு "ஃபோர்டிஃபைட்", எளிதில் உடையாத கண்ணாடி "டஃபன்ட்". இவை துறைச் சொற்கள், அப்படியே பழகிக்கொள்வது நல்லது.

அப்புறம், சொல்லின் வடிவம். "வீ மஸ்ட் ஸ்ட்ராங் அவர் டீம்" என்றும் "ஸ்ட்ரெங்த் அவர் டீம்" என்றும் எழுதுவதைப் பார்க்கிறேன். வீக் என்பதிலிருந்து நேராக வீக்கன் வந்துவிடுவதால் இங்கே குழப்பம் இயல்புதான். ஸ்ட்ராங் பெயரடை, ஸ்ட்ரெங்த் பெயர்ச்சொல், அந்தப் பெயர்ச்சொல்லோடு இ, என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டினால்தான் வினை. லாங், லெங்த், லெங்தன் போன வழியும் இதுதான். ஹை, ஹைட், ஹைட்டன் என்பதும் அப்படியே.

ஸ்ட்ரெங்தன் எழுத்துக்கூட்டலில் பத்து எழுத்துகள். நடுவில் ஜி, டி, எச் என்று வர வேண்டும். ஹைட், வெயிட் எழுதிப் பழகிய கை ஜி, எச், டி என்று மாற்றிவிடும். உச்சரிக்கும்போது முன்னால் ஓர் "இ" சேர்த்து "இஸ்ட்ரெந்தன்" என்று சொல்வதும் பரவலாக இருக்கிறது. இரண்டாகப் பிரித்துப் பழகுங்கள். முதலில் "ஸ்ட்ரெங்", சங்கு என்பதில் வரும் "ங்" அடியண்ணத்தில் ஒலிக்க. பிறகு "தன்", ஆனால் தண்ணீரின் "த" அல்ல. தேங்க்ஸ் என்பதை ஆங்கிலேயர் சொல்வதுபோல நாக்கு நுனி பல்லுக்கு நடுவே லேசாக எட்டிப் பார்க்க, காற்று மட்டும் வெளியே வர வேண்டும்.